பேகல்: ஊட்டச்சத்தும் பின்னணியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேகலில் 150 கலோரிதான் என்று ஒருவர் சொல்வார். 350 என்று இன்னொருவர் அடித்துச் சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். எந்த அளவுப் பேகல் என்று இருவருமே சொல்லாததுதான் சிக்கல். பேகலின் அளவு காலப்போக்கில் எப்படி மாறியது என்பது தனிக்கதை. அந்தக் கதை தெரியாமல் அதன் சத்துக்கணக்கு பிடிபடாது. அதனால் சத்து பற்றிய கேள்விகளையும் வரலாறு பற்றிய கேள்விகளையும் இங்கே கலந்தே வைத்திருக்கிறேன்.

பேகல் என்றால் என்ன? மற்ற ரொட்டிகளிலிருந்து எதில் மாறுபடுகிறது?

வளையமாக உருட்டி, உப்பவிட்டு, கொதிநீரில் கொஞ்ச நேரம் போட்டெடுத்து, அதற்கப்புறம் அடுப்பில் சுடும் கோதுமை ரொட்டி. மைதா, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் பார்லி மால்ட் (முளைகட்டிய பார்லியிலிருந்து எடுப்பது): சாதாரணப் பேகலுக்கு இவ்வளவு போதும். பால், வெண்ணெய், முட்டை எதுவும் வேண்டியதில்லை.

இரண்டு விஷயங்கள் அதைத் தனியாகக் காட்டுகின்றன. ஒன்று, மாவின் இறுக்கம். பகெட் என்ற நீளமான பிரெஞ்சு ரொட்டி போன்றவற்றுக்கு 100 கிராம் மாவுக்கு 65, 70 கிராம் தண்ணீர் சேர்ப்பார்கள். பேகலுக்கு 55 கிராம் அளவில் நிறுத்திவிடுவார்கள். மாவும் புரதம் கூடுதலான வகை, 13 முதல் 14 சதவீதம் வரை. பிசைந்து முடித்தால் கையில் ஒட்டாது, விரலால் அழுத்தினால் எளிதில் பள்ளம் விழாது. இரண்டாவது, அந்தக் கொதிநீர்க் குளியல்.

சுடுவதற்கு முன் எதற்காகக் கொதிநீரில் போட வேண்டும்?

பேகலைப் பேகலாக்குவது இந்த வேலைதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

உருட்டிய வளையங்களைப் பொதுவாக ஓர் இரவு முழுக்கக் குளிரில் வைப்பார்கள். ஈஸ்ட் மெதுவாக வேலை செய்து மாவுக்குச் சுவை ஏறும். காலையில் ஒரு வளையத்தை எடுத்துக் குளிர்ந்த நீர் உள்ள கிண்ணத்தில் போட்டுப் பார்ப்பார்கள். சில நொடிகளில் மிதந்தால் தயார். அடியிலேயே கிடந்தால் இன்னும் கொஞ்ச நேரம் உப்ப வேண்டும் என்று அர்த்தம்.

அப்புறம் கொதிநீர். பக்கத்துக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை. மாவுச்சத்து சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் நீரை உறிஞ்சி, ஊதி, பசையாக மாறத் தொடங்கும். வளையத்தின் மேற்பரப்பில் இது உடனே நடந்துவிடும். வெளியே எடுக்கும்போது வளையத்தின் தோல் லேசாகச் சுருங்கி, ஈரமான ரப்பர் போல இருக்கும். அந்தப் பசைப் படலம்தான் அடுப்பில் காய்ந்து பளபளப்பான மேலோடாகிறது. மேற்பரப்புக்கு அருகே உள்ள ஈஸ்டும் அந்தச் சூட்டில் செத்துவிடும்.

மேல் தோல் முன்கூட்டியே இறுகிவிடுவதால், சுடும்போது மாவு மற்ற ரொட்டிகளைப் போலத் தாராளமாக உப்ப முடியாது. உள்ளே காற்றறைகள் சிறுத்து நெருக்கமாகிவிடுகின்றன. பேகல் கைக்குக் கனமாகத் தெரிவதும், கடிக்கும்போது பற்களுக்கு வேலை வைப்பதும் இதனால்தான். நீரில் வேகும் நேரம் கூடினால் மேலோடு தடிக்கும், உள்ளே இன்னும் இறுகும். அந்த நீரில் மால்ட் அல்லது தேன் சேர்த்தால் நிறம் நன்றாக ஏறும்.

இன்றைக்குப் பல தொழிற்சாலைகளில் கொதிநீரே இல்லை. அடுப்புக்குள் நீராவியைச் செலுத்திச் சுட்டுவிடுகிறார்கள். வேலை மிச்சம்தான், ஆனால் கிடைப்பது ஓட்டை போட்ட மெத்தென்ற பன். அதைப் பேகல் என்று விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, ஒரு பேகலில் எத்தனை கலோரி?

முதலில் தராசில் வையுங்கள். சாதாரணப் பேகல் 100 கிராமுக்கு ஏறக்குறைய 260 முதல் 280 கலோரி தரும். வெள்ளை பிரெட்டும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கிராமுக்குக் கிராம் வைத்துப் பார்த்தால் பேகல் தனியாக ஒன்றும் குண்டாக்கும் பொருள் கிடையாது. ஆனால் பிரெட் துண்டு ஒன்று 25, 30 கிராம்தான் இருக்கும். பேகல் ஒன்றுக்கோ எடை இதுதான் என்று எந்தக் கணக்கும் இல்லை. குட்டிப் பேகல் 30 கிராமுக்குள் இருக்கும். உறையவைத்த பாக்கெட்டில் வருவது 55, 60 கிராம் இருக்கலாம். நியூயார்க் கடையில் வாங்குவது 110 முதல் 130 கிராம் வரை போகும், சில இடங்களில் அதற்கும் மேல்.

நடுத்தரமாக 105 கிராம் எடையுள்ள சாதாரணப் பேகல் ஒன்றை எடுத்துக்கொண்டால், சுமார் 280 கலோரி, 55 கிராம் மாவுச்சத்து, 11 கிராம் புரதம், 2 கிராமுக்குக் குறைவான கொழுப்பு, 2 கிராம் அளவில் நார்ச்சத்து, 450 முதல் 550 மில்லிகிராம் சோடியம். அதாவது கிட்டத்தட்ட நாலு துண்டு பிரெட். நாலு துண்டு பிரெட்டைத் தட்டில் அடுக்கி வைத்தால் யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள். ஒற்றை வளையத்தைப் பார்த்தால் அந்த யோசனை வருவதில்லை. பேகலை எண்ணிக்கையில் கணக்கிடாமல் எடையில் கணக்கிடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் உணவின் அளவு எப்படி வீங்கிவிட்டது என்று விளக்க வெளியிட்ட ஒப்பீட்டில் பேகலும் ஓர் உதாரணம். அந்த ஒப்பீட்டுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் 3 அங்குல விட்டம், 140 கலோரி; பிறகு 6 அங்குலம், 350 கலோரி.

ஏன் இப்படிப் பெரிதானது?

இயந்திரம் ஒரு காரணம், சாண்ட்விச் இன்னொரு காரணம்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க நியூயார்க்கில் பேகல் என்றால் கையால் உருட்டியதுதான். மாவுக் கயிற்றை உள்ளங்கையைச் சுற்றி ஒரு சுற்று கொண்டுவந்து, இரு முனைகளும் உள்ளங்கைக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்படி வைத்து, மேசையில் முன்னும் பின்னும் ஒரு தேய்ப்பு. வளையம் மூடிக்கொள்ளும். இறுகிய மாவு என்பதால் இதை மணிக்கணக்கில் செய்யத் தோளிலும் மணிக்கட்டிலும் வலு வேண்டும். நிலவறையில், அடுப்பின் அனலில், இரவு முழுக்க நடக்கும் வேலை. உருட்டுபவர் தனி, கொதிகலனைப் பார்ப்பவர் தனி, அடுப்பைப் பார்ப்பவர் தனி.

இந்தத் தொழிலாளர்களின் சங்கம் லோக்கல் 338. சுமார் 300 பேர் மட்டுமே உறுப்பினர். பெரும்பாலும் உறுப்பினரின் மகனுக்கோ நெருங்கிய உறவினருக்கோதான் இடம் கிடைக்கும். கூட்டக் குறிப்புகளைக் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் எழுதினார்கள். சிறிய சங்கம்தான், ஆனால் பலம் பெரியது. 1951 டிசம்பரில் தகராறு வந்தபோது நகரத்தின் 34 பேகல் அடுமனைகளில் 32 மூடப்பட்டன. பேகல் பஞ்சம் என்று செய்தித்தாள்கள் எழுதின.

அந்தப் பிடியைத் தளர்த்தியவர் கனடாவின் வின்னிபெக்கில் பிறந்த டேனியல் தாம்சன். பேகல் உருட்டும் இயந்திரம் ஒன்றை உருவாக்க அவருடைய தந்தையே முயன்றிருந்தார். மகன் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1963இல் அந்த இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டத் தொடங்கியது லெண்டர் குடும்பம். போலந்தின் லூப்லினிலிருந்து வந்த ஹாரி லெண்டர் 1927இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் தொடங்கிய அடுமனை அது. அவருடைய மகன்கள் பேகலை உறையவைத்து, பையில் போட்டு, யூதர்களே இல்லாத ஊர்களின் பல்பொருள் அங்காடிகளுக்கும் அனுப்பினார்கள். 1984இல் கிராஃப்ட் நிறுவனம் அந்தத் தொழிலை வாங்கியது. அதற்குள் கை உருட்டலின் காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது.

இயந்திரத்துக்கு இறுகிய மாவு ஒத்துவராது. தண்ணீரைக் கொஞ்சம் கூட்டினார்கள், பேகல் மிருதுவானது. வாங்கும் மக்களும் பழைய கடிமானத்தைத் தேடவில்லை. முட்டையும் பன்றி இறைச்சியும் வைத்து சாண்ட்விச்சாகச் சாப்பிட ஏற்ற அகலமான ரொட்டியாகத்தான் அதைப் பார்த்தார்கள். அகலம் கூடியது, ஓட்டை சுருங்கியது. பல கடைகளில் இன்று நடுவில் ஒரு தொப்புள் மட்டும்தான் மிச்சம்.

பேகல் எங்கே பிறந்தது?

போலந்தின் யூதச் சமூகத்தில். நாளும் ஊரும் குறித்துச் சொல்ல முடியாது, ஆனால் சூழல் தெளிவாகவே தெரிகிறது.

இடைக்கால ஐரோப்பாவில் யூதர்கள் ரொட்டி சுட்டு விற்பதற்கே பல இடங்களில் தடை இருந்தது. ரொட்டி கிறிஸ்தவ வழிபாட்டில் புனிதப் பொருள் என்பதால், அதை யூதர் தொடக்கூடாது என்ற எண்ணம் ஒரு காரணம். 1264இல் போலந்தின் கோமகன் போலெஸ்லாவ், கலிஷ் நகரில் வெளியிட்ட சாசனத்தில் யூதர்கள் ரொட்டியை மற்றவர்களைப் போலவே வாங்கலாம், விற்கலாம், தொடலாம் என்று எழுதினார். ரொட்டியைத் தொடலாம் என்று ஓர் ஆட்சியாளர் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது என்பதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. மூன்றே ஆண்டுகளில், 1267இல், ப்ரெஸ்லாவில் கூடிய ஆயர்கள் கிறிஸ்தவர்கள் யூதர்களிடம் உணவுப்பொருள் வாங்கக்கூடாது என்று தீர்மானித்தார்கள். அதில் நஞ்சு இருக்கலாம் என்று காரணம் சொன்னார்கள்.

அதே நாட்டில் கிறிஸ்தவர்களிடமும் ஒரு வளைய ரொட்டி இருந்தது: க்ராக்கோவின் ஒப்வர்ஜானெக். இதையும் நீரில் போட்டெடுத்துத்தான் சுடுவார்கள். மாவுக் கயிறுகளை முறுக்கிச் செய்வதால் ஓட்டை பெரியது, வளையம் மெல்லியது. 1394ஆம் ஆண்டின் அரண்மனைக் கணக்கில் அரசி யாத்விகாவுக்காக ஒப்வர்ஜானெக் வாங்கிய செலவு பதிவாகியிருக்கிறது. 2010 முதல் அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு. இன்றும் க்ராக்கோ தெருக்களில் தள்ளுவண்டிகளில் விற்கிறார்கள். பேகலுக்கு இது நெருங்கிய உறவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பேகல் என்ற பெயரோடு எழுத்தில் நாம் பார்க்கும் முதல் பதிவு 1610இல், க்ராக்கோ யூதச் சமூகத்தின் விதிமுறைகளில் வருகிறது. குழந்தைப்பேற்றையொட்டிய அன்பளிப்புகளில் ஒன்றாக அது சொல்லப்படுகிறது. விதிமுறைக்குள் வருமளவு அப்போதே அது வழக்கத்தில் ஊறியிருந்தது என்று புரிந்துகொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் அதையடுத்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கிளம்பிய யூதக் குடும்பங்களோடு பேகலும் நியூயார்க், மான்ட்ரியல், லண்டனின் கிழக்குப் பகுதி என்று குடியேறியது.

வியன்னாவைக் காத்த அரசருக்காகக் குதிரை அங்கவடி வடிவில் செய்ததுதான் பேகல் என்கிறார்களே?

1683இல் துருக்கியப் படையை விரட்டிய போலந்து அரசர் மூன்றாம் யான் சோபியெஸ்கிக்கு நன்றி சொல்ல ஒரு ரொட்டிக்காரர் அங்கவடி வடிவில் செய்தாராம். 1610இலேயே பேகல் பதிவாகிவிட்டதால் கதை நிற்காது.

நடுவில் ஓட்டை எதற்கு?

வளையமாக இருந்தால் சூடு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஏறும். இறுகிய மாவு நடுவில் வேகாமல் நின்றுவிடாது. விற்பவருக்கும் வசதி. கம்பிலோ கயிற்றிலோ கோத்துத் தெருவில் கொண்டுபோகலாம். வார்சாவில் கூடையில் பேகல் சுமந்து விற்றவர்களில் ஏழைக் குழந்தைகளும் விதவைகளும் நிறையப் பேர். முதலும் முடிவும் இல்லாத வட்டம் என்பதால், யூத வீடுகளில் பிறப்பின்போதும் துக்கத்தின்போதும் வட்டமான உணவுகளுக்கு இடமுண்டு; பேகலும் அந்த வரிசையில் வந்தது.

நியூயார்க் பேகலுக்கும் மான்ட்ரியல் பேகலுக்கும் சத்தில் வித்தியாசம் உண்டா?

உண்டு, முக்கியமாக அளவிலும் உப்பிலும். மான்ட்ரியல் பேகல் சிறியது, மெல்லியது, ஓட்டை பெரியது. மாவில் பொதுவாக உப்புச் சேர்ப்பதில்லை, கொதிக்கும் நீரில் தேன் இருக்கும், விறகடுப்பில் சுடுவார்கள். எள் தாராளமாக ஒட்டியிருக்கும். நகரத்தின் இரு பெயர்பெற்ற கடைகளான ஃபேர்மவுண்ட்டும் சான் வியாடரும் சில தெருக்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. எது சிறந்தது என்று கேட்டால் அந்த ஊரில் சண்டையே வரும். 2008இல் விண்வெளி வீரர் கிரெகரி ஷாமிடாஃப் ஃபேர்மவுண்ட்டிலிருந்து 18 எள் பேகல்களைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே எடுத்துப்போனார்.

நியூயார்க் பேகல் பருத்தது, உப்பு உண்டு, மால்ட் வாசனை உண்டு. பழைய முறையில், ஈரமான சாக்குத்துணி சுற்றிய மரப்பலகையில் எள் தூவிய பக்கம் கீழே இருக்கும்படி வைத்து அடுப்புக்குள் தள்ளுவார்கள். சில நிமிடங்களில் மேற்பக்கம் காய்ந்ததும் பலகையைக் கவிழ்த்துவிட, பேகல் நேராக அடுப்புத் தளத்தில் விழுந்து வேகும். அதனால் அடிப்பக்கம் தட்டையாகிவிடாது.

சர்க்கரை எதில் அதிகம் என்று பார்த்தால், தேன்நீரில் போட்டதால் பெரிய வித்தியாசம் ஒன்றும் வராது. மேற்பரப்பில் ஒட்டுவது கொஞ்சம்தான்.

நியூயார்க் தண்ணீர்தான் ரகசியமா?

நகரின் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் குறைவு என்பது உண்மை. மிகக் கடின நீர் மாவை இன்னும் இறுக்கும் என்பதும் உண்மை. ஆனால் நல்ல மாவு, ஓர் இரவுக் குளிர், சரியான கொதிநீர் மூன்றும் இருந்தால் வேறு ஊர்த் தண்ணீரிலும் நல்ல பேகல் வரும்.

11 கிராம் புரதம் என்றால் நல்ல காலை உணவுதானே?

எண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கோதுமைப் புரதம்; லைசின் என்ற அமினோ அமிலம் அதில் குறைவு. பேகலை மட்டுமே நம்பாமல் முட்டை, மீன், தயிர், பருப்பு வகை எதையாவது கூடச் சேர்த்தால் அந்தக் குறை நிரம்பும். பலர் நினைப்பதுபோல கிரீம் சீஸ் இந்த வேலையைச் செய்யாது. இரண்டு மேசைக்கரண்டி கிரீம் சீஸில் புரதம் 2 கிராம்கூட இல்லை. கொழுப்போ சுமார் 10 கிராம், அதில் 6 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, மொத்தம் 100 கலோரி. அதுவும் கரண்டியால் அளந்து தடவினால்தான். கடையில் பேகலின் இரு பாதிகளுக்கு நடுவே விரல் தடிமனுக்கு வைப்பார்கள்; அப்போது கிரீம் சீஸின் கலோரி பேகலின் கலோரியைத் தொட்டுவிடும்.

அமெரிக்காவில் விற்கும் பெரும்பாலான பேகல்கள் செறிவூட்டிய மாவில் செய்தவை. தயமின், ரிபோஃப்ளேவின், நயாசின், இரும்பு ஆகியவற்றோடு, 1998 முதல் ஃபோலிக் அமிலமும் செறிவூட்டிய மாவில் கட்டாயம். கருவுற்ற ஆரம்ப வாரங்களில் குழந்தையின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுக்க அது உதவுகிறது. வெள்ளை மாவைத் திட்டும்போது இந்த ஒரு நன்மையை மறந்துவிடக் கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், அளவு தெரிந்து. வெள்ளை மாவுப் பேகலின் கிளைசீமிக் குறியீடு (உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் எண்) 70ஐ ஒட்டி இருக்கிறது, அதாவது உயர்ந்த பிரிவு. அதைவிட முக்கியம் மொத்த மாவுச்சத்து. சர்க்கரை நோயாளிகளுக்கான உணவுக் கணக்கில் 15 கிராம் மாவுச்சத்தை ஒரு பங்கு என்பார்கள். பெரிய பேகலின் கால் துண்டே ஒரு பங்கு ஆகிவிடுகிறது. முழுப் பேகலை ஒரே வேளையில் சாப்பிட்டால் நாலு பங்கு. பாதிப் பேகல், அதன்மேல் முட்டையோ மீனோ, பக்கத்தில் காய்: இந்த ஏற்பாட்டில் சர்க்கரை ஏறும் வேகம் மட்டுப்படும். இன்சுலின் போடுபவர்கள் தராசில் எடை பார்த்து மாவுச்சத்தைக் கணக்கிடுவது நல்லது. கண்ணளவு பேகலிடம் ஏமாந்துவிடும்.

முழுக்கோதுமைப் பேகல் வாங்கினால் தீர்ந்ததா?

கலோரியில் பெரிய மாற்றம் வராது. நார்ச்சத்து கூடும், இரண்டு மடங்கும் ஆகலாம். ஆனால் பொருள் பட்டியலைப் பாருங்கள். முதலில் முழுக்கோதுமை மாவு என்று இருக்க வேண்டும். பழுப்பு நிறமோ, பல தானியம் என்ற பெயரோ எதையும் உறுதி செய்யாது. மால்ட்டும் கருவெல்லமும் சேர்த்தாலே நிறம் வந்துவிடும். உலர்திராட்சை, இலவங்கப்பட்டை போட்ட பேகலில் சர்க்கரை கூடும். முட்டைப் பேகலில் கொழுப்பு சற்றே கூடும். வெங்காயமும் பூண்டும் தூவியவை சாதாரணப் பேகலைப் போலத்தான்.

உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டால் கலோரி குறையுமே?

நியூயார்க் கடைகளில் கேட்டால் அப்படிச் சுரண்டித் தருவார்கள். எடுத்த மாவின் எடைக்கேற்பக் குறையும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குழிக்குள் கிரீம் சீஸ் இன்னும் அதிகமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓர் இரவு முழுக்கச் சுவை ஏற்றிய பகுதியைக் குப்பையில் போடுவதைவிடப் பாதிப் பேகலை ஒழுங்காகச் சாப்பிட்டு மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

உப்பு எவ்வளவு? சால்மன் மீனோடு சாப்பிட்டால்?

ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பேகல் ஒன்றே அதில் கால்பங்கைக் கொண்டுவருகிறது. கல்லுப்பு தூவியதோ, எள், கசகசா, வெங்காயம், பூண்டு, உப்பு எல்லாம் தூவியதோ என்றால் இன்னும் கூடும். லாக்ஸ் என்பது சால்மனின் வயிற்றுப் பகுதியை உப்பில் ஊறவைத்தது; நோவா என்பது உப்பிட்டு, குளிர்ந்த புகையில் வைத்தது. இரண்டில் எதை அடுக்கினாலும் சில நூறு மில்லிகிராம் சேரும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைத் தினசரி வழக்கமாக்காமல் விட்டுவிட்டுச் சாப்பிடலாம்.

கர்ப்பிணிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை: இப்படிக் குளிர்ப்பெட்டியில் வைத்து விற்கும் புகையூட்டிய மீனில் லிஸ்டீரியா கிருமி இருக்க வாய்ப்புண்டு. நன்றாகச் சமைத்த மீன்தான் பாதுகாப்பு.

கசகசா தூவிய பேகல் சாப்பிட்டால் போதைப்பொருள் சோதனையில் மாட்டுவோமா?

மாட்ட வாய்ப்புண்டு. கசகசா அபினிச் செடியின் விதை. அறுவடையின்போது செடியின் பால் விதைமேல் படுவதால் மார்ஃபினும் கோடீனும் சிறிதளவு ஒட்டியிருக்கும். போதை ஏற அது போதாது, சிறுநீர்ச் சோதனையில் தெரிய அது போதும். இந்தக் குழப்பத்தால்தான் அமெரிக்க அரசுப் பணியிடச் சோதனைகளில் வரம்பை 1998இல் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000ஆக உயர்த்தினார்கள். ஆனாலும் மருத்துவமனைகளும் சில நிறுவனங்களும் குறைந்த வரம்பை வைத்திருக்கலாம். 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, படையினர் கசகசாவைத் தவிர்க்கும்படி அறிவுறுத்தியது. சோதனை இருக்கிறது என்று தெரிந்தால் சில நாள்களுக்கு எள் பேகலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் கசகசாவுக்கே தடை இருப்பதால், பயணப் பையில் அந்தப் பேகல் வேண்டவே வேண்டாம்.

ஒவ்வாமை உள்ளவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

குளூட்டன் என்ற தானியப் புரதம் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்குப் பேகல் ஆகாது. கோதுமை மட்டுமல்ல, மால்ட் வரும் பார்லியிலும் குளூட்டன் உண்டு. குளூட்டன் இல்லாத பேகல் வாங்கினால் மால்ட் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

எள் ஒவ்வாமை கொஞ்சம் கவலைக்குரியது. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளை ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருளாகப் பாக்கெட் உணவில் குறிப்பிட வேண்டும். ஆனால் கடையில் தட்டில் அடுக்கி விற்கும் பேகலில் எழுத்து எதுவும் இருக்காது. எள் பேகலும் சாதாரணப் பேகலும் ஒரே பலகை, ஒரே அடுப்பு, ஒரே கத்தி வழியாகத்தான் வரும். எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் அங்கே வாங்காமலிருப்பதே நல்லது.

சுத்த சைவர்கள் சாப்பிடலாமா?

சாதாரணப் பேகலில் விலங்குப் பொருள் எதுவும் இருக்காது. முட்டைப் பேகல், மேலே முட்டை பூசியவை, பாலாடைக்கட்டி உருக்கியவை இவற்றை மட்டும் விலக்குங்கள். தேனையும் தவிர்ப்பவர்களுக்கு மான்ட்ரியல் பேகல் சரிவராது.

மாவில் பொட்டாசியம் புரோமேட் சேர்ப்பார்கள் என்கிறார்களே, அது என்ன?

மாவின் குளூட்டனை வலுவாக்கும் வேதிப்பொருள். இழுவை வேண்டும் என்பதற்காக நியூயார்க் பேகல் கடைகள் பல இதைச் சேர்த்த மாவையே பயன்படுத்தி வந்தன. சரியான அளவில் சேர்த்து முழுதாகச் சுட்டால் பெரும்பகுதி பாதிப்பில்லாத புரோமைடாக மாறிவிடும். அளவு கூடினாலோ சரியாக வேகாவிட்டாலோ மிச்சம் நிற்கும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் வரவழைக்கக்கூடியதாக இருக்கலாம் என்ற பிரிவில் இதை வைத்திருக்கிறது. பிரிட்டன், கனடா, ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துவிட்டன. கலிஃபோர்னியா 2023இல் இயற்றிய சட்டத்தின்படி அங்கே 2027 ஜனவரி 1 முதல் தடை. புரோமேட் இல்லாமலே நல்ல பேகல் செய்ய முடியும் என்பதை மான்ட்ரியலும் லண்டனும் தினம் காட்டுகின்றன. அதனால் அதைச் சேர்ப்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பாக்கெட் வாங்கினால் பொருள் பட்டியலில் தேடுங்கள். கடையில் என்றால் தயங்காமல் கேளுங்கள்.

துருக்கியின் சிமித்தும் ஜெருசலேம் பேகலும் இதே ரொட்டிதானா?

பார்வைக்கு வளையம், அவ்வளவுதான் ஒற்றுமை. சிமித்தைப் பழப்பாகு கரைத்த நீரில் தோய்த்து, எள்ளில் புரட்டிச் சுடுவார்கள். ஜெருசலேமின் நீள்வட்ட ரொட்டியைக் கொதிநீரில் போடுவதே இல்லை. அதனால் அது மெத்தென்று இருக்கும்.

மீந்த பேகலை எப்படி வைப்பது?

குளிர்ப்பெட்டியின் சாதாரண அறையில் வைக்காதீர்கள். வெந்த மாவுச்சத்து மறுபடி கெட்டியாகி ரொட்டி காய்ந்துபோவது அந்தக் குளிரில்தான் மிக வேகமாக நடக்கும். கொழுப்பு இல்லாத ரொட்டி என்பதால் பேகல் ஒரே நாளில் இறுகிவிடும். அன்று சாப்பிடாததை அன்றே குறுக்காக இரண்டாக நறுக்கி, காற்றுப் புகாமல் சுற்றி, உறைநிலை அறையில் வையுங்கள். நறுக்கும்போது பேகலைக் கையில் பிடிக்காமல் பலகையில் படுக்கவைத்து, மேலே உள்ளங்கையை விரித்து அழுத்திக்கொண்டு ரம்பப்பல் கத்தியால் பக்கவாட்டில் அறுங்கள். வழுக்கும் ரொட்டி, கையைக் கிழித்துக்கொண்டவர்கள் ஏராளம். உறைந்த பாதியை அப்படியே டோஸ்டரில் போடலாம். முழுசாக உறையவைத்திருந்தால் மேலே லேசாகத் தண்ணீர் தெளித்து, சூடான அடுப்பில் சில நிமிடங்கள் வைத்தால் மேலோடு மறுபடி மொறுமொறுப்பாகும்.